மீனம்பாக்கத்தில் இறங்காதவர்

சென்ற வார அத்தியாயத்தைப் படித்துவிட்டுத் தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு பெண்மணி என் பையைப் பிடித்து நிறுத்தினார். "வீட்டுக்காரர் போனதோட கதையை முடிச்சிட்டீங்களே டீச்சர், அப்புறம் என்னதான் ஆச்சு?" என்று கேட்டார். பச்சை மிளகாயை வைத்துக்கொண்டு நடுத்தெருவில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது. இங்கே சொல்கிறேன்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல். விமான நிலைய ஸ்டேஷனில் மெட்ரோ ரயில் கிளம்பத் தயாராக நின்றுகொண்டிருந்தது. நீள இருக்கையில் நானும் ஏகாம்பரமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். ரயிலுக்குள் குளுகுளுவென்று இருந்தது. புது ரெக்சினும் யாரோ பூசிய சென்ட்டும் கலந்த ஒரு வாசனை. அவர் ஏதோ சொல்ல, நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு சக்கரப் பெட்டி உள்ளே உருண்டு வந்தது. அதைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தவர் பிலோமினா அக்கா.

என் நாத்தனார். என் கணவர் ஆரோக்கியத்துக்கு மூத்தவர். மும்பையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தவர் அன்றைக்குத்தான் திரும்புகிறார் என்பது எனக்குத் தெரியாது. நேராக எங்களுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். கண்ணாடியைச் சரி செய்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"ஜெசிந்தா? நீ எங்கடி இங்க? யாரு ஊருக்குப் போறாங்க?"

"யாரும் போகலக்கா."

"அப்ப யாரு வந்தாங்க?"

"யாரும் வரல."

"போறவங்களும் இல்ல, வர்றவங்களும் இல்லன்னா ஏர்போர்ட்ல உனக்கு என்ன வேலை?"

கதவு மூடிக்கொண்டது. ரயில் நகர்ந்தது. முப்பது வருஷமாக வகுப்பில் கேள்வி கேட்டே பழகியவள், ஒரு கேள்விக்குப் பதில் தெரியாத பிள்ளை மாதிரி மடியிலிருந்த பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

என் பக்கத்திலிருந்த ஏகாம்பரம் லேசாக விலகி உட்கார்ந்தார். பிறகு, முன்பின் தெரியாதவரிடம் கேட்பது போல என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மேடம், அடுத்தது மீனம்பாக்கம்தானே?"

அந்த நாள் வரை அவர் என்னை மேடம் என்று அழைத்ததே இல்லை. 'டீச்சர்' என்றுதான் சொல்வார். என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்ன பொய் அது. ஆனால் அந்த ஒரு வார்த்தை நெஞ்சில் வந்து இடித்தது.

ரயில் வேகம் குறைந்தது. அவர் எழுந்து கதவருகே போய் நின்றார்.

அவர் அங்கேயே நிற்கட்டும். அவர் யார் என்று சொல்லாமல் மேலே போனால் உங்களுக்குப் புரியாது.

நகரும் படியில் நகராத இருவர்

விமான நிலையத்துக்கு மெட்ரோ வந்த புதிது. என் மகன் பெலிக்ஸுக்குப் புனேயில் வேலை கிடைத்து, அவனை வழியனுப்ப நான் ஒருத்தி மட்டும் போயிருந்தேன்.

எங்கள் சிறு வயதில் வழியனுப்புவது என்றால் அது ஒரு திருவிழா. என் மாமா ஒருவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனபோது வேன் பிடித்துக்கொண்டு போனோம். குழந்தைகள், கைக்குழந்தைகள், பக்கத்து வீட்டுக்காரர்கள், பங்குச் சாமியாருக்கு ஒரு முன் சீட்டு. எலுமிச்சம்பழச் சோறு கட்டிக்கொண்டு போய் வேலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மாமா உள்ளே போன பிறகும் யாரும் கிளம்பவில்லை. எந்த விமானம் அவருடையது என்று தெரியாததால் மேலே போன எல்லா விமானத்துக்கும் கையாட்டினோம்.

பெலிக்ஸ் ஒரு முதுகுப் பையோடு போனான். "பை மா, ரீச் ஆனதும் மெசேஜ் பண்றேன்" என்றான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவன் தலை கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு வேறு தலைகள் தெரிந்தன.

ஜி.எஸ்.டி. சாலையைத் தாண்டித் திரிசூலத்தில் மின்சார ரயில் ஏறினால் சானடோரியம் ஸ்டேஷன். அங்கிருந்து நடந்தால் சிட்லபாக்கத்தில் என் வீடு. போய்க் கதவைத் திறந்தால் காலையில் அவன் குளித்துவிட்டுப் போட்ட ஈரத் துண்டு நாற்காலியில் கிடக்கும். அதை எடுத்து உலர்த்த எனக்கு அப்போது தெம்பு இல்லை.

மெட்ரோவுக்கு வழி என்று ஒரு பலகை தெரிந்தது. அந்தப் பக்கம் நடந்தேன். புது ரயிலைப் பார்க்கவே ஊர் திரண்டு வந்திருந்தது. பட்டுப் புடவையில் பெண்கள், தோளில் குழந்தைகளோடு அப்பாக்கள். எல்லாரும் நகரும் படியில் காலை வைத்து மேலே போய்க்கொண்டிருந்தார்கள். நான் கீழேயே நின்றேன். படிகள் தரைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாகப் பிறந்து வந்தன; எதில் காலை வைப்பது என்று புரியவில்லை.

பக்கத்தில் ஒருவர் நின்றார். காக்கி பேன்ட், தோளில் பட்டை வைத்த வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. விமான நிலைய ஊழியர் என்று தெரிந்தது. அவருக்கு வழிவிட்டு ஒதுங்கினேன்.

"நீங்க போங்க சார்."

"இல்லம்மா, நீங்க போங்க. நீங்க எப்படிக் கால வெக்கிறீங்கன்னு பார்த்துகினு நான் வர்லாம்னு நிக்கறேன்" என்றார்.

"நானும் அதுக்குத்தான் நிக்கறேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு பக்கத்திலிருந்த சாதாரணப் படிக்கட்டில் ஏறினோம்.

பாதி வழியில் மூச்சு வாங்க நின்றபோது கேட்டேன். "ஏர்போர்ட்ல என்ன வேலை பாக்கறீங்க?"

"பஸ் ஓட்டறேன். கட்டடத்துலேர்ந்து ப்ளேன் வரிக்கும் ஆளுங்கள இட்டுகினு போறது, இட்டுகினு வர்றது. அவ்ளோ பெரிய பஸ்ஸ ஓட்டறேன், தோ இதுக்குப் பயம். இன்னா பண்றது!"

மகனை அனுப்பிவிட்டு வந்த அன்றைக்கு நான் சிரிப்பேன் என்று நினைக்கவே இல்லை. அந்தப் படிக்கட்டில் நின்று சிரித்தேன்.

விமானம் போகட்டும்

ஏகாம்பரம் பொழிச்சலூர்க்காரர். பரம்பரையாக அங்கேயே இருக்கும் குடும்பம். அப்பா சீக்கிரம் இறந்துவிட, மூன்று தங்கைகளைப் படிக்க வைத்துக் கல்யாணம் செய்து கொடுத்தார். கடைசித் தங்கையைப் பம்மலில் கட்டிக் கொடுத்து முடித்தபோது, அவருக்கும் ஒரு பெண் பார்க்க வேண்டும் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

"உங்களுக்கே ஞாபகம் வரலையா?" என்று பின்னால் ஒரு நாள் கேட்டேன்.

"வந்துச்சு டீச்சர். ஆனா யார் கைல சொல்றது? நானே பெரியவன். என் கல்யாணத்த நானே எட்த்து சொன்னா நல்லாவா கீது?"

பொழிச்சலூர் வீடுகளின் தலைக்கு மேலேயே விமானம் இறங்கும். அதனால் அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம். பேசிக்கொண்டிருக்கும்போது விமானம் வந்தால் பாதி வார்த்தையில் நிறுத்திவிடுவார்கள். சத்தம் போனதும் விட்ட எழுத்திலிருந்து பிடித்துக்கொள்வார்கள். ஏகாம்பரம் அப்படித்தான். 'எங்க அம்மா வெக்கிற மீன் கொழ' என்று நிறுத்துவார். கை அந்தரத்தில் நிற்கும். எனக்கு எதுவும் கேட்காது. ஆனால் அவர் காது எங்கோ தூரத்தில் ஒன்றைப் பிடித்திருக்கும். சிறிது நேரத்தில் ஜன்னல் அதிர ஒன்று கடந்து போகும். 'ம்பு இருக்கே' என்று தொடர்வார்.

முதலில் எனக்குச் சிரிப்பாக வந்தது. பிறகு அந்த இடைவெளிகள் பிடித்துப் போயின. ஆரோக்கியம் போன பிறகு என் வீட்டு அமைதி ஒரு மாதிரி கனமாக இருக்கும். இவரோடு வந்த அமைதி வேறு. அதற்குப் பின்னால் ஒரு பேச்சு காத்திருக்கிறது என்று தெரியும்.

ஆரோக்கியத்தைப் பற்றிச் சென்ற வாரமே எழுதினேன். மறைமலை நகரில் உதிரி பாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கம்பெனி பஸ்ஸுக்கு விடியற்காலையில் எழுந்து போகும்போது என் தூக்கம் கலையக் கூடாது என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போகும் மனிதர். அவரைப் பற்றி ஏகாம்பரத்திடம் நிறையச் சொல்லியிருக்கிறேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்பார். "நல்ல மன்சன்" என்பார். அவ்வளவுதான். அந்த அளவில் நிறுத்தத் தெரிந்தவர்கள் குறைவு.

சனிக்கிழமைகள்

எனக்குச் சனிக்கிழமை அரை நாள் பள்ளி. அவருக்குப் பிற்பகலில் ஷிப்ட் முடியும். அடுத்த சனிக்கிழமை நான் எதற்காக அங்கே போனேன் என்று கேட்டால், புது ரயிலை இன்னொரு முறை பார்க்க என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவரும் நின்றிருந்தார். அவரும் ரயிலைப் பார்க்கத்தான் வந்தாராம்.

அப்போது ரயில் சின்னமலை வரைக்கும்தான். சின்னமலையில் பிலோமினா அக்கா வீடு இருந்ததால் நான் கிண்டியிலேயே இறங்கிவிடுவேன். ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு டீக்கடை. ரயிலுக்குள் எதையும் தின்னக்கூடாது என்பதில் அவர் மகா கண்டிப்பு. ஒரு முறை நான் பையிலிருந்து கடலை மிட்டாயை எடுத்தபோது, "உள்ள வெய்ங்க டீச்சர், ஏர்போர்ட்ல வேல பாக்கறவன் மானம் பூடும்" என்று பதறினார். ஆக, கிண்டியில் டீ, வெளியே நின்று ஒரு வாழைக்காய் பஜ்ஜி, திரும்ப ரயில். இவ்வளவுதான் எங்கள் சனிக்கிழமை.

பிறகு பாதை பூமிக்குள் இறங்கிச் சைதாப்பேட்டை, நந்தனம், தேனாம்பேட்டை என்று நீண்டது. அப்புறம் சென்ட்ரல் வரை போனது. நாங்களும் கூடவே போனோம். சிட்லபாக்கத்தில் ஏரியைச் சுற்றி ஒரு நடை போனாலே நாலு பேர் நிறுத்தி விசாரிப்பார்கள். ரயிலில் எல்லாரும் பெட்டியோடு வேறு ஊரிலிருந்து வந்தவர்கள். எங்களை யாரும் பார்க்கவில்லை. பார்த்தாலும், எங்கேயோ போய்விட்டுத் திரும்பும் ஒரு கணவன் மனைவி என்று நினைத்திருப்பார்கள்.

அப்படி நினைத்துக்கொள்ளட்டும் என்று ஆசைப்பட ஆரம்பித்தேன். அது எப்போது தொடங்கியது என்று சொல்லத் தெரியவில்லை. இருவரும் வாய்விட்டு எதுவும் பேசிக்கொள்ளவில்லை. இந்த வயதில் அதற்கு வார்த்தைகளும் கைவசம் இல்லை. தலைக்கு டை அடிப்பதா வேண்டாமா என்று ஒரு வெள்ளிக்கிழமை மாலை முழுக்கக் கண்ணாடி முன் நின்றேன். அடிக்கவில்லை. மறுநாள் அவர் அடித்துக்கொண்டு வந்திருந்தார். காதோரம் தோலெல்லாம் கறுப்பு.

மறுபடி அந்த ரயில்

மீனம்பாக்கத்தில் கதவு திறந்தது. ஏகாம்பரம் ஒரு காலை வெளியே வைத்தார்.

எதிரே பிலோமினா அக்கா. அவர் கேட்ட கேள்வி இன்னும் அப்படியே நின்றது. ஏர்போர்ட்டில் உனக்கு என்ன வேலை?

ஏகாம்பரம் இறங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். சும்மா ரயில் பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அக்காவும் நம்பிவிடுவார். ஆனால் அடுத்த சனிக்கிழமை அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்? அவர் ஒன்றும் சொல்ல மாட்டார் என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது. தங்கைகளுக்காக ஒதுங்கி நின்ற மனிதர், எனக்காகவும் ஒதுங்கி நிற்பார். பழகிப்போன மாதிரி நிற்பார்.

"ஏகாம்பரம்" என்று கூப்பிட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "வந்து உட்காருங்க. நம்ம இறங்கற ஸ்டேஷன் இது இல்ல."

அவர் திரும்பினார். கதவு மூடுவதற்கான மணி அடித்தது. உள்ளே வந்தார். கதவு மூடிக்கொண்டது. ஆனால் உட்காரவில்லை. எதற்கு அனுமதி கேட்பது, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, இவர் ஏகாம்பரம். ஏர்போர்ட்ல பஸ் ஓட்டறார். இவரைப் பார்க்கத்தான் நான் வர்றேன்."

பிலோமினா அக்கா ஏகாம்பரத்தின் முகத்தை, சட்டையை, பாலிஷ் போட்ட ஷூவைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆலந்தூரில் கூட்டம் ஏறி எங்களுக்கு நடுவே நின்றது. யார் யாருடைய முழங்கைகளுக்கோ இடையில் அவருடைய கண்ணாடி மட்டும் மின்னியது.

சின்னமலை வந்ததும் எழுந்தார். பெட்டி கனமாக இருந்தது. ஏகாம்பரம் அதைத் தூக்கி நடைமேடையில் வைத்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொண்டார். அக்கா பெட்டியைப் பார்த்து "தேங்க்ஸ்" என்றார்.

பெலிக்ஸ் வந்தான்

மறுநாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து முக்காட்டைக்கூட எடுக்கவில்லை, போன் அடித்தது. பெலிக்ஸ்.

"அத்தை சொன்னாங்க. நிஜமா மா?"

"நிஜம்தான்."

"என்கிட்ட நீ சொல்லியிருக்கலாம்."

"என்னன்னு சொல்றது? எனக்கே நேத்துதாண்டா தெரிஞ்சுது."

"நான் வரேன்" என்றான். "நீ ஏர்போர்ட்டுக்கு வராதே. நானே வந்துக்கறேன்."

வருவதாகச் சொன்ன அன்று காலையிலிருந்து அடுப்படியிலேயே நின்றேன். அவனுக்குப் பிடித்த இறால் தொக்கு. உப்பு போட்டேனா இல்லையா என்று சந்தேகம் வந்து இரண்டு தடவை ருசி பார்த்தேன். இரண்டு தடவையும் ருசி தெரியவில்லை.

அப்போது ஏகாம்பரம் கூப்பிட்டார். வேலை நேரத்தில் கூப்பிடும் பழக்கம் அவருக்கு இல்லை.

"டீச்சர், உங்க புள்ள வந்துட்டாரு. என் பஸ்லதான் ஏறினாரு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போட்டோல காட்டிகீறீங்களே. நெத்திய சுருக்கறது அப்படியே நீங்கதான். உக்கார எடம் இல்ல, கம்பியப் புட்ச்சுகினு நின்னாரு." கொஞ்சம் தயங்கினார். "நான் ஒண்ணும் பேசல டீச்சர். அவருக்கு என்னைத் தெரியாது. பிரேக் மட்டும் மெதுவாப் போட்டேன்."

போனை வைத்துவிட்டு அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை நாள் என் மனசுக்குள் கொஞ்சநஞ்சம் இருந்த தயக்கமும் அந்த நிமிஷத்தோடு போயிற்று.

பெலிக்ஸ் வந்தான். சாப்பிட்டான். கை கழுவிவிட்டு வந்து அவன் அப்பா படத்துக்குக் கீழே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். வேண்டுமென்றேதான் அங்கே உட்கார்ந்தான்.

"அப்பாவை மறந்துட்டியா மா?"

"மறந்திருந்தா எப்பவோ யாரையாவது கட்டியிருப்பேன். ஒருத்தர் கூட இருக்கறது எவ்வளவு நல்லா இருக்கும்னு உங்க அப்பாகிட்டதான் கத்துக்கிட்டேன். அதனாலதான் இவரைக் கண்டதும் தெரிஞ்சுது."

அவன் குனிந்துகொண்டான். குழந்தையில் அழுகையை அடக்கும்போது செய்வது போல கட்டை விரலை மடக்கி மடக்கி நீட்டினான்.

"நான் அவர்கிட்ட தனியாப் பேசணும்."

"பேசு. நல்லாக் கேளு. ஆனா ஒண்ணு பெலிக்ஸ், நான் முடிவு பண்ணிட்டேன். நீ கூட இருக்கணும்னு ஆசை. அதுக்காகத்தான் பேசச் சொல்றேன், அனுமதிக்காக இல்ல."

அப்படி ஒரு குரலில் நான் அவனிடம் பேசியதே இல்லை. அவன் நிமிர்ந்து பார்த்தான். "சரி மா" என்றான். வீட்டுக்கு அவரை அழைக்க அவனுக்கு மனசு வரவில்லை. பொழிச்சலூருக்குப் போகவும் பிடிக்கவில்லை. கடைசியில், "நீங்க போற ரயில்லயே பேசிக்கறேன்" என்றான்.

பெஞ்சில் நான்

மறுநாள் பிற்பகல் மூவரும் விமான நிலைய ஸ்டேஷனில் சந்தித்தோம். ஏகாம்பரம் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். பெலிக்ஸ் கை நீட்டினான். அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இருவரும் ரயிலில் ஏறினார்கள். கதவு மூடியது. கண்ணாடி வழியே பார்த்தால், இருவரும் நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நான் நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு ரயில் வந்தது, போனது. இன்னொன்று வந்தது. பெட்டிகளின் சக்கரச் சத்தம், அறிவிப்புக் குரல், தூரத்தில் ஓடுபாதையில் வெயில். புதிதாக ஊருக்கு வந்த ஒரு பெண், "ஆன்ட்டி, இது சென்ட்ரல் போகுமா?" என்று கேட்டாள். ஸ்டேஷன்காரி மாதிரி விவரம் சொல்லி அனுப்பினேன். என்னைப் பற்றிப் பேச என்னை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்களே என்று கோபம் வந்தது. இருவரில் யாருக்கும் மனம் நோகக் கூடாதே என்று கவலையும் வந்தது. ஜெபம் சொல்லப் பார்த்தேன். பாதியில் எந்த ஜெபம் சொல்கிறேன் என்பதே மறந்துவிட்டது.

ரொம்ப நேரம் கழித்து வந்த ஒரு ரயிலிலிருந்து பெலிக்ஸ் இறங்கினான். அவன் மட்டும்.

எழுந்தேன். "அவர் எங்கடா?"

"சின்னமலைல இறங்கிட்டார் மா."

"என்ன சொன்ன அவர்கிட்ட?"

"நான் ஒண்ணும் சொல்லல. நீ முதல்ல உட்காரு." தோளைப் பிடித்து உட்கார வைத்தான். "எல்லாம் கேட்டேன் மா. எங்க இருப்பீங்க, உடம்பு எப்படி, உங்க சிஸ்டர்ஸ் என்ன சொல்றாங்கன்னு. ஒண்ணையும் மறைக்கல. சுகர் இருக்குன்னார். கடைசித் தங்கச்சி கோச்சுக்கிட்டு சாப்பாடு அனுப்பறதில்லன்னார். நடுவுல திடீர்னு பேச்சை நிறுத்திட்டார். அழறாரோன்னு பயந்துட்டேன்."

"ப்ளேன் போயிருக்கும்" என்றேன்.

"ஆமா, ப்ளேன்தான்!" அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரித்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது.

"அப்புறம் எதுக்குச் சின்னமலைல இறங்கினார்?"

"'உங்க அத்த வூடு இங்கதானே கீது, போய்ப் பார்த்துட்டு வந்துடறேன். அவங்க மொகத்தத் தூக்கி வெச்சுகினு இருந்தா உங்க அம்மா கோயிலுக்கு எப்படி நிம்மதியாப் போவாங்க'ன்னார்."

"ஐயோ, நீ போகவிட்டியா? அக்கா வாயைப் பத்தித் தெரியாதா உனக்கு?"

பெலிக்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டான். "வழி சொல்லி அனுப்பினேன் மா. கோயில் தெருவுல மூணாவது வீடு, கேட்டைத் தள்ளித் திறக்கணும், நாய் குரைக்கும் ஆனா கடிக்காதுன்னு."

அவன் சம்மதத்தை அவன் சொன்ன விதம் அதுதான். நான் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

பிலோமினா அக்காவின் ரயில்

நானும் பெலிக்ஸும் பெஞ்சிலேயே காத்திருந்தோம். அவர்கள் வர வெயில் இறங்கிவிட்டது. முதலில் அக்கா இறங்கினார். பின்னால் ஏகாம்பரம், கையில் அக்காவின் துணிப் பையோடு. அக்காவின் முகம் கடுகடுவென்றுதான் இருந்தது.

"வாசல்ல வந்து நின்னாரு" என்று என்னிடம் குற்றம் சொல்வது போல் ஆரம்பித்தார். "திட்டினேன். நல்லாத் திட்டினேன். தம்பி செத்ததுலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் மனசுல இருந்ததெல்லாம் அந்தக் கேட்டுக்கிட்டயே நின்னு கொட்டிட்டேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. முடிச்சதும், 'தண்ணி குடிங்கக்கா'ங்கறாரு. என் வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு எனக்கே!"

"குடிச்சீங்களா அத்தை?" என்றான் பெலிக்ஸ்.

"தாகமா இருந்துச்சுடா. குடிச்சேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியது. "எனக்கு ஒரே தம்பி, ஜெசிந்தா. நீ வேற வீட்டுக்குப் போயிட்டா அவன் பேரைச் சொல்லிப் பேச எனக்கு யாரு இருக்கா?"

எல்லாக் கோபத்துக்கும் அடியில் இதுதான் இருந்திருக்கிறது. நான் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டேன். ஏகாம்பரம்தான் பதில் சொன்னார்.

"டீச்சர் அவரைப் பத்தி என் கைல சொல்லாத நாளே இல்லக்கா. நீங்க வந்தா நானும் கேக்கறேன். சின்ன வயசுக் கதையெல்லாம் உங்களுக்குத்தானே தெரியும்."

அக்கா மூக்கை உறிஞ்சினார். "ஞாயித்துக்கிழமை பூசைக்கு இவரைக் கூட்டிட்டு வான்னு நான் சொல்லமாட்டேன்" என்றார். "வந்தாருன்னா வெளியில நிக்க விடாதே, அவ்வளவுதான்."

கல்யாணம் அதற்குச் சில மாதம் கழித்துப் பதிவு அலுவலகத்தில் நடந்தது. பம்மல் தங்கை கடைசி நிமிஷத்தில் கதம்பப் பூவோடு ஓடிவந்து, அண்ணன் தோளில் சாய்ந்து அழுது, எல்லாரையும் விட அதிகமாகச் சாப்பிட்டாள். அந்தக் கூத்தைத் தனியாகத்தான் எழுத வேண்டும். ஆனால் என் இரண்டாவது கல்யாணம் என்றால் எனக்கு நினைவில் வருவது அந்த அலுவலகம் இல்லை.

அக்கா வந்த அன்று நடைமேடையில் ரயில் ஒன்று கதவு திறந்து நின்றுகொண்டிருந்தது. அக்கா அதைப் பார்த்தார். "இது சென்ட்ரல் வரைக்கும் பூமிக்குள்ளயே போகுமாமே. நான் சின்னமலையைத் தாண்டினதே இல்ல" என்றார். யாருடைய பதிலுக்கும் காத்திராமல் உள்ளே ஏறினார். நாங்கள் பின்னால் போனோம்.

கூட்டம் இல்லை. நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பெலிக்ஸ் வழக்கம் போல என் பக்கத்தில் உட்காரப் போனான். ஏகாம்பரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றார்.

அக்கா பெலிக்ஸின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"நீ இங்க என்கிட்ட வாடா, உன் கல்யாணத்தைப் பத்திப் பேசணும்" என்றார். பிறகு ஏகாம்பரத்தை நிமிர்ந்து பார்க்காமலே, என் பக்கத்துக் காலி இருக்கையை விரலால் காட்டினார்.

"அங்க உட்காருங்க."